கூடம் கோணல்

தமிழ்த்துறையின் இரும்பு அலமாரியில், கீழ்த்தட்டில், பழைய மதிப்பெண் பதிவேடுகளுக்கு அடியில் இரண்டு இலக்குத் தாள்கள் கிடக்கின்றன. ஒன்றின் ஓரத்தில் 23.11.2013 என்றும் மற்றதன் ஓரத்தில் 09.02.2014 என்றும் பென்சிலால் எழுதியிருக்கிறது. முதல் தாளில் பத்துத் துளைகள், ஒரு தீப்பெட்டியை வைத்தாலும் மூட முடியாத அகலத்துக்குச் சிதறிக் கிடக்கின்றன. இரண்டாவதில் ஒன்பது துளைகள் ஒரு பத்து ரூபாய் நாணயத்துக்குள் அடங்கிவிடுகின்றன. பத்தாவது மட்டும் சற்றுத் தள்ளித் தனியாக நிற்கிறது. இரண்டையும் சுட்டது ஒரே கை, ஒரே துப்பாக்கி. தூரமும் அதே 50 மீட்டர். இடைப்பட்ட பதினொரு வாரங்களில் என்ன நடந்தது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

நாங்கள் என்றால் இருவர். ஒரே கல்லூரியில் ஒருவர் தமிழ் கற்பிக்கிறார், மற்றவர் இயற்பியல். காவிரிப் பாசனத்தில் வாழும் எங்கள் ஊரின் எல்லையில், மண்மேடு அணைத்த ஒரு சுடுதளம் உண்டு. ரைபிள் கிளப் என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை காலைகளை அங்கே கழிப்பது எங்கள் வழக்கமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. தமிழாசிரியருக்குத் துப்பாக்கியோடு என்ன உறவு என்று உடன் பணிபுரிபவர்கள் கேட்காத ஆண்டில்லை. உயிர் எதையும் கொல்லாத ஒரு கலை அது என்று சொல்லிப் பார்த்தோம். எவரும் நம்பியதாகத் தெரியவில்லை. 2024 ஆகஸ்ட் முதல் தேதி, பாரிஸ் ஒலிம்பிக்கில் கோலாப்பூர்ப் பக்கத்து இளைஞர் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வென்ற பிறகுதான், 'நீங்கள் செய்வது அதுதானா?' என்று சிலர் மரியாதையாகக் கேட்டார்கள். அதுதான், ஆனால் அதுவுமல்ல. அவர் கையிலிருப்பது போட்டிக்கென்றே கட்டப்பட்ட கருவி. கன்னம் படும் இடம், தோள் படும் இடம், விசையின் கனம் எல்லாவற்றையும் உடலுக்கேற்பத் திருத்திக்கொள்ளலாம். எங்கள் கிளப்பில் இருந்தது, தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்து பெட்டியிலிட்டு அனுப்பிய சாதாரண .22 போல்ட் ஆக்‌ஷன் ரைபிள். மரக்கட்டை, கனமான விசை, பெட்டியிலிருந்து எடுத்தபடியே பயன்படுத்தி வந்த உடம்பு. அதைக் கொண்டு நன்றாகச் சுட முடியுமா என்பதுதான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளின் கேள்வி.

போல்ட் என்பது வேறொன்றுமில்லை, தாழ்ப்பாள்தான். கையால் தாழை நீக்கி, தோட்டாவை உள்ளே தள்ளி, மறுபடியும் தாழிட வேண்டும். ஒவ்வொரு முறையும் இதைச் செய்தாக வேண்டும் என்பது போர்க்களத்தில் குறையாக இருந்திருக்கலாம். இலக்குத் தாளின் முன் அதுவே நிறை. தானியங்கித் துப்பாக்கியில் வெடிப்பின் வலுவில் ஒரு பங்கு உள்ளுறுப்புகளை நகர்த்தச் செலவாகிறது. தாழிட்ட துப்பாக்கியிலோ, குண்டு குழலைக் கடக்கும்வரை வேறெதுவும் நகர்வதில்லை. அந்தக் குண்டின் எடை 40 கிரெய்ன், அதாவது 2.6 கிராம். போட்டிகளுக்கான தோட்டாவில் அது நொடிக்கு ஏறத்தாழ 320 மீட்டர் வேகத்தில், ஒலியை விடச் சற்றே மெதுவாக வெளிப்படுகிறது. குழலுக்குள் வெட்டியிருக்கும் சுருள் பள்ளங்கள் அதற்குக் கொடுக்கும் சுழற்சி நொடிக்கு 800 சுற்றுக்கு அருகில் வரும். அந்தச் சில மில்லி நொடிகளில் எஃகுக் குழல் மீட்டிய தம்புராத் தந்தியைப் போல அதிர்கிறது. அதிர்வதால் குற்றமில்லை. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அதிர வேண்டும் என்பதே நிபந்தனை. தந்தியின் மேல் எங்கோ ஒரு விரல் பட்டால் சுருதி போய்விடுவது போல, குழலின் மேல் ஏதேனும் ஒன்று ஒரு முறை பட்டும் ஒரு முறை படாமலும் இருந்தால் குண்டு தன் போக்கில் போகும்.

சுடுபவர்கள் இலக்கின் நடுவை உடனே தேடுவதில்லை என்பதைப் புதியவர்கள் நம்ப மறுப்பார்கள். முதலில் பார்ப்பது துளைகள் ஒன்றோடொன்று எவ்வளவு நெருங்கியிருக்கின்றன என்பதை. இதற்கு 'குரூப்' என்று பெயர். நாங்கள் கொத்து என்று சொல்லிக்கொள்கிறோம். கொத்து இறுக்கமாக இருந்து, நடுவைவிட்டு மூலையில் விழுந்தால் கவலையில்லை. பார்வைக் கருவியில் இரண்டு சொடுக்குத் திருப்பினால் மொத்தக் கொத்தும் நடுவுக்கு வந்துவிடும். சிதறிய கொத்தைத் திருத்த எந்தத் திருகாலும் ஆகாது; ஏனெனில் அதில் திருத்துவதற்கு ஒரு பிழை இல்லை, பல பிழைகள் இருக்கின்றன.

இதை மாணவர்களுக்குச் சொல்லும்போது எங்களில் தமிழ் கற்பிப்பவர் சுவடிப் பதிப்பை உவமையாகச் சொல்வார். உ.வே.சாமிநாதையர் 1887-ல் சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்கும் முன் பல ஊர்களிலிருந்தும் ஏடுகளைத் திரட்டி ஒப்பிட்டார். ஐந்து ஏடுகளும் ஓரிடத்தில் ஒரே பிழையைக் காட்டினால் அது மூல ஏட்டில் நேர்ந்த பிழையாக இருக்க வாய்ப்புண்டு; ஐந்தும் ஐந்து விதமாக வேறுபட்டால் எழுதியவர்களின் கை தடுமாறியிருக்கிறது. ஐந்து குண்டுகள் ஐந்து பிரதிகள். எல்லாம் ஒரே பக்கம் விலகினால் கருவியின் பார்வையைப் பாருங்கள்; ஆளுக்கொரு பக்கம் போனால் சுடுபவரின் கையைப் பாருங்கள். கேட்க அழகாக இருக்கும். அதன் பின்பாதி அரைகுறை உண்மை என்பது எங்களுக்கு அப்போது தெரியவில்லை. கருவியும் தடுமாறும்.

தெரிந்திருக்க வேண்டும். இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டனில் லீ என்ஃபீல்டு நான்காம் எண் ரைபிள்கள் லட்சக்கணக்கில் தயாராயின. ஒரே வரைபடம், ஒரே அளவு. ஆனாலும் சோதனைச் சுடலில் சில துப்பாக்கிகள் மட்டும் மற்றவற்றை விட நெருக்கமாகச் சுட்டன. குறிபார்த்துச் சுடும் வீரர்களுக்காக அப்படிப்பட்டவற்றைத் தேர்ந்தெடுத்து, லண்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். அங்கே மரத்தை உலோகத்தோடு கவனமாகப் பொருத்தி, தொலைநோக்கியை இணைத்து, எந்தத் தொலைநோக்கி எந்தத் துப்பாக்கிக்கு உரியது என்பதை அடிக்கட்டையில் எண்ணாகப் பொறித்தார்கள். போர் முடிவதற்குள் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் இவ்வாறு உருமாறின. அதே குடும்பத்தின் மூத்த வடிவம் வங்காளத்தின் இஷாப்பூரிலும் தயாரானது. நம் ஊர்க் காவலர்களின் தோளில் நெடுங்காலம் தொங்கியதும் அந்தக் குடும்பத்துத் துப்பாக்கிதான். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஒரே மாதிரி இருப்பதில்லை என்பதை அந்தத் தொழிற்சாலைகள் அறிந்திருந்தன. சுட்டுப் பார்க்காமல் எந்தத் துப்பாக்கியைப் பற்றியும் எதையும் சொல்ல முடியாது என்பதுதான் அந்தத் தேர்வின் பொருள். இந்தக் கதையை வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறோம். சொன்னவர்கள் அதைக் கேட்டிருக்கவில்லை.

அந்தப் பெண் அப்போது இளங்கலைத் தமிழ் இரண்டாமாண்டு. தேசிய மாணவர் படையில் .22 சுட்டுப் பழகியிருந்தாள். முகாமில் அவளுடைய கொத்தைப் பார்த்துவிட்டுத்தான் கிளப்புக்கு அழைத்துவந்தோம். ஊரிலிருந்து முக்கால் மணி நேரப் பேருந்துப் பயணம். தந்தை முதலில் சம்மதிக்கவில்லை. 'போட்டிக்குத் தேர்வானால் தொடரட்டும், இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் வேலை கிடக்கிறது' என்ற உடன்பாட்டின் பேரில்தான் அனுப்பினார். ஜூலையிலிருந்து வந்தாள். அதிகம் பேசமாட்டாள். சுட்ட பிறகு தாளைப் பார்க்கும் முன்பே 'நாலாவது வலது பக்கம் போயிருக்கும்' என்பாள், போயிருக்கும். தான் செய்த பிழையைத் தாள் காட்டும் முன்பே அறிவது இந்தக் கலையில் பாதி. அது சிலருக்கு ஐந்தாண்டுகளிலும் வருவதில்லை. செப்டம்பர் வாக்கில் அவளுடைய பத்துக் குண்டுகளும் ஒரு எலுமிச்சம்பழத்தின் முகத்துக்குள் விழத் தொடங்கியிருந்தன.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை இறங்கியது. நவம்பர் முதல் வாரத்திலிருந்து கொத்து விரியலாயிற்று. முதலில் அவள் ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள்தான் சொன்னோம். மூச்சை முழுதும் விடாமல் பாதியில் நிறுத்து என்றோம். விசையை இழுக்காதே, அழுத்து என்றோம். கண்ணை மூடித் திறந்து பார், துப்பாக்கி இயல்பாக எங்கே நிற்கிறதோ அதுவே உன் நிலை, வலுக்கட்டாயமாகத் திருப்பாதே என்றோம். வீட்டில் ஏதேனும் மனக்கவலையா என்றுகூடக் கேட்டோம். எல்லாம் நல்ல அறிவுரைகள். எந்தப் பயிற்சி நூலிலும் இருப்பவை. மூன்றாவது வாரம் அவள் மெல்லச் சொன்னாள்.

"ஐயா, துப்பாக்கி முன்ன மாதிரி இல்லீங்கய்யா. எது என் தப்புன்னு தெரிய மாட்டேங்குது."

அந்த இரண்டாவது வாக்கியத்தை நாங்கள் காதில் வாங்கவில்லை. முதல் வாக்கியத்துக்கு மட்டும் மறுமொழி சொல்ல விரும்பினோம். துப்பாக்கியை வாங்கி, மேசையில் மணல் மூட்டையின் மேல் கிடத்தி, மூன்று குண்டுகள் சுட்டோம். மூன்றும் நெருக்கமாக விழுந்தன. தாளைக் கொண்டுவந்து அவளிடம் காட்டினோம். எங்களில் ஒருவர், 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். யார் சொன்னார் என்பதை எழுத வேண்டியதில்லை. பழமொழி உடனே நாவில் வருவது தமிழாசிரியர்களுக்குத்தான். அவளும் சிரித்தாள். அதன் பிறகு துப்பாக்கியைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

நவம்பர் 23, சனிக்கிழமை, தேர்வு. அந்தத் தாள்தான் அலமாரியில் இருக்கும் முதல் தாள். அடுத்த நாளிலிருந்து அவள் கிளப்புக்கு வரவில்லை. உடன்பாடு உடன்பாடுதானே. வகுப்புக்கு ஒழுங்காக வந்தாள், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள், குறிப்பெடுத்தாள்.

டிசம்பர் இரண்டாவது ஞாயிறு. வேறு துப்பாக்கிகள் கிடைக்காததால் அதே துப்பாக்கியை எடுத்துக்கொண்டு எங்களில் ஒருவர் படுத்துச் சுட்டார். இடது மேற்கையில் பட்டையைக் கட்டி, அதன் மறுமுனையைத் துப்பாக்கியின் முன்கட்டையில் மாட்டி இறுக்கிச் சுடுவது அந்த நிலையின் முறை. பத்துக் குண்டுகளும் பத்துத் திசையில் போயின. மற்றவர் படுத்தார். அதே கதை. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இயற்பியல்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு பத்து ரூபாய் நோட்டை எடுத்து, குழலுக்கும் அதன் கீழுள்ள முன்கட்டைக்கும் இடையில் செருகி, பின்னோக்கி இழுத்துக்கொண்டே போனார். நாலு விரற்கடை போனதும் நோட்டு நின்றுவிட்டது. வலது பக்கத்தில் மரம் குழலோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

இரண்டு மாத மழை ஈரத்தை அந்த மரம் குடித்திருந்தது. அதன் உட்பள்ளத்தில் மெருகெண்ணெய் எப்போதோ போய்விட்டிருந்தது. ஊறிய மரம் சற்றே முறுக்கிக்கொண்டு குழலைத் தொட்டது. பட்டையை இறுக்கிப் படுத்துச் சுடும்போது முன்கட்டை இழுபட்டுக் குழலை ஒரு முறை அதிகமாகவும் ஒரு முறை குறைவாகவும் அழுத்தியிருக்கிறது. மணல் மூட்டையின் மேல் கிடத்தும்போது அந்த இழுப்பே இல்லை. நாங்கள் அன்றைக்குச் சோதித்தது அவள் சுட்ட துப்பாக்கியை அல்ல. அதே இரும்பும் மரமும்தான். ஆனால் வேறு நிலையில், வேறு துப்பாக்கி. போதாததற்கு மூன்றே குண்டுகள். மூன்று குண்டுகள் எதையும் நிரூபிப்பதில்லை. சிதறும் துப்பாக்கியிலும் தற்செயலாக மூன்று ஓரிடத்தில் விழும். பத்தாவது குண்டுவரை பொறுத்திருப்பவர்களுக்கே தாள் உண்மை பேசுகிறது.

செய்திருக்க வேண்டிய சோதனை மிக எளிது. ஒரு துப்பாக்கியை இருவர் சுட வேண்டும். பிறகு அந்த ஒருத்தி வேறொரு துப்பாக்கியைச் சுட வேண்டும். எல்லோரும் ஒரே விதமாக, அவள் சுடும் விதமாக, பட்டையைக் கட்டிப் படுத்து. முப்பது தோட்டாக்கள், ஒரு மணி நேரம். சிதறல் துப்பாக்கியோடு போகிறதா, ஆளோடு போகிறதா என்று தெரிந்துவிடும். தோட்டாவின் விலையை எண்ணி அதைச் செய்யாமலிருந்தோம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். உண்மை அதுவல்ல. சோதிக்கத் தேவையிருப்பதாகவே எங்களுக்குத் தோன்றவில்லை. பழைய துப்பாக்கி, புதிய மாணவி. பிழை எங்கே இருக்கும் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே எழவில்லை.

கிளப் செயலாளரிடம் எழுதிக் கேட்டு அனுமதி வாங்கினோம். ஆயுத அறையைப் பார்த்துக்கொள்ளும் ஓய்வுபெற்ற ஹவில்தார் உடனிருக்க, அடுத்த ஒன்றரை மாதம் அந்தத் துப்பாக்கியோடு கழிந்தது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது என்று விதி வைத்துக்கொண்டோம். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாமல் போகும்.

முதலில் திருகுகள். போல்ட்டைத் தாங்கும் எஃகுப் பகுதியை மரத்தோடு பிணைப்பவை முன்னும் பின்னுமாக இரண்டு திருகுகள். பின் திருகு கால் சுற்றுக்கு மேல் தளர்ந்திருந்தது. மரம் ஊறி உப்பி, பிறகு சுருங்கும்போது இப்படி நேர்வதுண்டு. தளர்ந்த திருகைக் கண்டதும் பலங்கொண்ட மட்டும் முறுக்கத்தான் கை துடிக்கும். ஹவில்தார் தடுத்தார். "முறுக்குறது முக்கியமில்ல சார். ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு முறுக்கணும், அதான் முக்கியம்" என்றார். அளவு காட்டும் முறுக்குச் சாவி ஒன்று வரவழைத்தோம். திருகை இறுக்கிச் சுட்டதில் கொத்து கொஞ்சம் சுருங்கியது, போதுமான அளவுக்கு இல்லை.

அடுத்து மரம். துப்பாக்கியைப் பிரித்து, கட்டையை இரண்டு வாரம் காற்றாட நிழலில் வைத்தோம். பிறகு ஒரு வட்டக் கழியில் உப்புத்தாளைச் சுற்றி, உட்பள்ளத்தை இழை இழையாகத் தேய்த்தோம். நோட்டை மடித்துச் செருகினாலும் குழலின் நெடுகத் தடையின்றி ஓடும்வரை தேய்த்து, ஈரம் ஏறாதபடி உள்ளும் புறமும் மெருகெண்ணெய் பூசி உலர விட்டோம். இப்போது குழல் எதன் மேலும் படாமல் தனித்து நின்றது. கொத்து பாதியாகச் சுருங்கியது இந்தக் கட்டத்தில்தான்.

பிறகு சுத்தம். தாழைக் கழற்றிவிட்டால் பின்புறமிருந்தே குழலைத் துடைக்கலாம் என்பது போல்ட் துப்பாக்கியின் ஒரு வசதி. முன்புறமிருந்து கழியை நுழைத்தால் குண்டு கடைசியாகத் தொட்டு விடைபெறும் வாய் விளிம்பு தேயும்; அந்த விளிம்பில் விழும் சிறு பள்ளமும் குண்டை ஒருபக்கம் தள்ளும். எங்கள் அதிர்ஷ்டம், விளிம்பு கெடவில்லை. துடைத்த குழலில் முதல் சில குண்டுகள் தடம் மாறி விழுவதையும் கண்டோம். ஈயக் குண்டின் மேலுள்ள மெழுகுப் பூச்சு குழலுக்குள் சீராகப் படியும்வரை அது நிலைக்கு வருவதில்லை. முதல் குண்டுகளை வைத்துத் துப்பாக்கியையோ ஆளையோ எடைபோடக் கூடாது என்ற விதியை அன்று சுவரில் எழுதி ஒட்டினோம்.

கடைசியாகத் தோட்டா. கிளப்பில் நான்கு வகை இருந்தன. ஒவ்வொன்றிலும் பத்துப் பத்தாகச் சுட்டுப் பார்த்தோம். விலை கூடியது வெல்லவில்லை. அதற்கு அடுத்த விலையிலிருந்த ஒன்று வென்றது. வேகம் அதிகமான வகை படுமோசம். ஒலியை மிஞ்சிப் புறப்படும் குண்டு, வழியில் காற்றின் தடையால் ஒலியின் வேகத்துக்கு இறங்கும்போது தள்ளாடுகிறது என்று இயற்பியல்காரர் விளக்கினார். எந்தக் குழலுக்கு எந்தத் தோட்டா ஒத்துப்போகும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒரே வகையிலும் ஒரு தொகுதிக்கும் அடுத்த தொகுதிக்கும் வேறுபாடு உண்டு. பெரும் போட்டியாளர்கள் தொகுதி தொகுதியாகச் சுட்டுப் பார்த்துத் தங்கள் குழலுக்கு ஏற்றதை வாங்கி வைத்துக்கொள்வது இதனால்தான்.

ஜனவரி முடிவில் எங்கள் இருவருக்கும் பத்துக் குண்டுகள், நடுவிலிருந்து நடு அளந்தால், 20 மில்லிமீட்டருக்குள் விழுந்தன. 50 மீட்டரில் கோண அளவின் ஒரு நிமிடம் 14.5 மில்லிமீட்டர். ஆக, ஒன்றரை நிமிடத்துக்கும் உள்ளே. போட்டித் தாளில் பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர்தான் என்பதால் இது பெருமைப்படத்தக்க கணக்கில்லை. ஆனால் ஒரு தொழிற்சாலைத் துப்பாக்கிக்கு இது நல்ல கணக்கு. குழலையோ விசையையோ மாற்றவில்லை. புதிதாக எதையும் சேர்க்கவும் இல்லை. அது ஏற்கெனவே செய்ய வல்லதைச் செய்யவிடாமல் தடுத்தவற்றை ஒவ்வொன்றாக நீக்கினோம், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகும் ஒரு வேலை மிச்சமிருந்தது. அதைத் தள்ளிப்போட எங்களுக்குப் பல காரணங்கள் கிடைத்தன. வகுப்பில் அவளைப் பார்க்கும்போதெல்லாம் நாளைக்குச் சொல்லலாம் என்று தோன்றியது. கடைசியில் பிப்ரவரி முதல் ஞாயிறு இருவரும் பேருந்தேறி அவர்கள் ஊருக்குப் போனோம். தந்தை வாசலில் அறுவடைச் சாக்குகளைத் தைத்துக்கொண்டிருந்தார். நாற்காலி போட்டார். துப்பாக்கியின் மரம் ஊறிய கதையைச் சொன்னோம். உங்கள் மகள் மேல் தப்பில்லை, நாங்கள்தான் சரியாகப் பார்க்கவில்லை என்றோம். அவர் ஊசியைச் சாக்கில் குத்தி வைத்துவிட்டுச் சற்று நேரம் பேசாமலிருந்தார்.

"அவ அன்னைக்கே சொன்னா சார், துப்பாக்கியிலதான் ஏதோ கோளாறுன்னு. நான்தான் நம்பல. வாத்தியாருங்க பாத்துட்டுச் சொல்றாங்க, சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

நாங்கள் சொன்ன பழமொழி கூடத்தில் நின்றுவிடவில்லை. முக்கால் மணி நேரம் பேருந்தில் பயணம் செய்து அவள் வீட்டுக்குள்ளும் போயிருந்தது. ஒரு பெண் தன் கைக்குத் தெரிந்த உண்மையைச் சொன்னதற்கு, ஆசிரியர், தந்தை என்று இரண்டு இடங்களிலும் நம்பிக்கை மறுக்கப்பட்டிருக்கிறது. அதைத் திருத்த எந்தச் சாவியும் எங்களிடம் இல்லை. அவள் காபி கொண்டுவந்து வைத்தாள். "இப்ப சரியா சுடுதாங்கய்யா?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த ஞாயிறு, பிப்ரவரி 9, அவள் வந்தாள். தந்தையும் உடன் வந்து, சுடுதளத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். மூன்று மாதமாகக் கை விட்டிருந்தவள். முதல் ஐந்து குண்டுகளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்றோம். பட்டையைக் கட்டினாள், படுத்தாள், கண்ணை மூடித் திறந்தாள். அவசரமில்லாமல் பத்துக் குண்டுகள். தாளைக் கொண்டுவரும் முன்பே சொல்லிவிட்டாள்.

"எட்டாவது கீழ போயிருக்கும். விசையில விரல் வழுக்கிருச்சு. அது என் தப்புங்கய்யா."

தாளைப் பார்த்தோம். ஒன்பது ஒன்றாக இருந்தன. ஒன்று கீழே தனியாக இருந்தது.

நல்ல துப்பாக்கி என்றால் எது என்று இத்தனை ஆண்டுகளில் பலரிடம் கேட்டிருக்கிறோம். பிழையே செய்யாதது என்றுதான் பெரும்பாலோர் சொன்னார்கள். அப்படியொன்று கிடையாது. சுடுபவர் செய்த பிழையை அவருடையதென்றும், செய்யாததை அவருடையதல்ல என்றும் பிரித்துக் காட்டுவதே நல்ல துப்பாக்கி. 'எது என் தப்புன்னு தெரிய மாட்டேங்குது' என்று நவம்பரில் அவள் சொன்னதன் பொருள் அதுதான். கூடம் நேராக இருந்தால்தான், ஆடத் தெரியாததை ஆடுபவளே உணர்ந்து திருத்திக்கொள்ள முடியும். கூடத்தை நேராக வைத்திருப்பது ஆடுபவளின் வேலையல்ல, கூடத்துக்கு உரியவர்களின் வேலை. வகுப்பறைக்கும் விடைத்தாளுக்கும் இது பொருந்தும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஒரு கேள்விக்கு வகுப்பே சிதறிச் சிதறி விடை எழுதியிருந்தால், மதிப்பெண்ணைக் குறைக்கும் முன் கேள்வியின் அடியில் ஒரு நோட்டைச் செருகி இழுத்துப் பார்க்கிறோம். பல சமயம் எங்கோ ஓரிடத்தில் நின்றுவிடுகிறது.

அவள் அதன் பிறகு போட்டிகளுக்கு வரவில்லை. மூன்றாமாண்டு, பிறகு பி.எட்., பிறகு வேலை. இப்போது ஒரு பள்ளியில் தமிழாசிரியை. அன்று கிளம்பும்போது தாளை எடுத்துப்போகச் சொன்னோம். வீட்டில் வைக்க இடமில்லை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். தேர்வு நாளின் தாளும் எங்களிடமே இருந்தது. இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக அலமாரியில் வைத்தோம். துப்பாக்கி இன்றைக்கும் நன்றாகச் சுடுகிறது. ஒவ்வோர் ஆண்டும் மழை தொடங்கியதும் முதல் ஞாயிற்றுக்கிழமை, யாரும் சொல்வதற்கு முன்பாகவே, குழலுக்கும் மரத்துக்கும் இடையில் பத்து ரூபாய் நோட்டைச் செருகிப் பார்க்கிறோம்.